எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்குத் தோட்டம் பழக்குகிறேன், வந்தவர்கள் பாதியில் நிற்கிறார்கள்

வாவிக்கரைப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு கிராமத்தில், பொதுக் காணியில் ஊர்த் தோட்டம் ஒன்று தொடங்கியிருக்கிறோம். அரை ஏக்கரை விடக் கொஞ்சம் குறைவு, ஒரு கிணறு இருக்கிறது, கட்டாக்காலி மாடு வராமல் நாலு பக்கமும் கம்பி அடித்திருக்கிறோம். சனிக்கிழமை காலையில் நான்தான் வகுப்பு எடுக்கிறேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவள். பெரியவர்களுக்குப் படிப்பித்த அனுபவம் இதற்கு முதல் இல்லை.

முதல் நாள் 14 பேர் வந்தார்கள், 12 பெண்கள், 2 ஆண்கள். அதிகம் பேர் 40 வயதைத் தாண்டியவர்கள். 1990 இல் யுத்தம் திரும்பவும் தொடங்கியபோது இவர்களுக்கு ஏழு, எட்டு, பத்து வயது. பள்ளிக்கூடம் அதோடு நின்றது, பிறகு இடம்பெயர்வு, கூலி வேலை, கல்யாணம், 2007 இல் திரும்பவும் இடம்பெயர்வு. நான்கைந்து பேருக்கு எழுத வாசிக்கவே தெரியாது, மற்றவர்கள் எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். ஒரு அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒரு அம்மம்மாவுக்குக் கண் மங்கல், நிழல் போலத்தான் தெரியும் என்கிறார்.

நான் நன்றாக ஆயத்தம் செய்துதான் போனேன். வெள்ளைப் பலகை, வர்ணப் படங்கள், இடைவெளி, ஆழம், பசளை அளவு எல்லாம் போட்ட கைநூல், எல்லோருக்கும் ஒரு கொப்பி, ஒரு பேனை. ஒவ்வொரு பகுதி முடியவும் "விளங்கினதா?" என்று கேட்டேன். எல்லோரும் "ஓம் மிஸ்" என்றார்கள். அடுத்த கிழமை போய்ப் பார்த்தால் கீரை விதையை ஒரு விரல் ஆழத்துக்குப் புதைத்திருக்கிறார்கள், ஒன்றுகூட முளைக்கவில்லை. நான் கோபப்படவில்லை, பரவாயில்லை என்றுதான் சொன்னேன். ஆனால் அன்றைக்கு யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலாவது சனிக்கிழமை 6 பேர்தான் வந்தார்கள். வராதவர்களைக் கேட்டால் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வயல் வேலை, ஒருவருக்கு மகள் வீட்டில் விசேஷம்.

இவர்களுக்கு விருப்பமில்லை என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். என்னால் அதை நம்ப முடியவில்லை, முதல் நாள் அவர்கள் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்த விதம் எனக்குத் தெரியும். நான் எங்கே பிழை விடுகிறேன்? இப்படியான ஆட்களோடு வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

கச்சான் காற்று எழுதியது:

தங்கச்சி, ஒரு கேள்வி. காலையில் வந்தவுடன் முதலில் என்ன நடக்கும்? வரவு இடாப்பைச் சுற்றி அனுப்பிக் கையொப்பம் வாங்குகிறீர்களா?

அப்படியென்றால் பிழை அங்கேதான் தொடங்குகிறது. நான் திருக்கோவில் பக்கம் பெண்கள் சங்கங்களோடு பல வருடம் வேலை செய்தேன், சுனாமிக்குப் பிறகு தொடங்கியது. எங்களுக்கும் இதே கதை. இரண்டாம் கூட்டத்தோடு ஆட்கள் குறைந்தார்கள், நாங்கள் நேரத்தை மாற்றினோம், இடத்தை மாற்றினோம், தேத்தண்ணியோடு பணிஸும் கொடுத்துப் பார்த்தோம். ஒருநாள் இடாப்பு சுற்றி வரும்போது ஒரு அக்கா எழும்பிக் கிணற்றடிக்குப் போனா. அடுத்த கூட்டத்திலும் அதே நேரத்துக்குப் போனா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து வீட்டுக்காரிகள் எல்லோரும் பேனையால் எழுதும்போது, அவ மட்டும் பெருவிரலை மையில் அழுத்தி, பிறகு அந்த மையை யாரும் பார்க்காமல் சீலைத் தலைப்பில் துடைக்க வேண்டும். தோட்டம் செய்ய வந்த மனிசிக்கு வாசலிலேயே அந்தச் சோதனை. அடுத்த கிழமை அவவுக்குக் காய்ச்சல் வராமல் என்ன செய்யும்?

நாங்கள் இடாப்பை எடுத்துவிட்டோம். அலுவலகத்துக்குக் கணக்கு வேண்டுமென்றால் நீங்களே முகத்தைப் பார்த்துப் பெயர் எழுதுங்கள், கையெழுத்து கட்டாயம் வேண்டுமென்றால் மாத முடிவில் வீட்டுக்குப் போய்த் தனியாக வாங்குங்கள். கொப்பியும் பேனையும் வேண்டாம், அதை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பது பெரிய பாரம்.

அடுத்தது அந்த "விளங்கினதா". எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு "ஓம்" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. படிப்பிக்கிறவருக்கு மரியாதை, தனக்கு வெட்கம், இரண்டும் சேர்ந்து "ஓம்" என்று வரும். அதைக் கேட்கவே கேட்காதீர்கள். விதையைக் கையில் கொடுத்து, "அக்கா, இந்தப் பாத்தியை நீங்க போடுங்க, நான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். விளங்கியது, விளங்காதது எல்லாம் அந்தக் கையில் தெரியும். பிழையென்றால் அந்த இடத்திலேயே விதையைக் கிளறி எடுத்துத் திரும்பப் போடலாம், முளைக்காமல் போய் ஒரு கிழமைக்குப் பிறகு எல்லோர் முன்னாலும் தெரியவராது.

கீரை விதைக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு பிடி விதைக்கு நாலைந்து பிடி உலர்ந்த மணலைக் கலந்து, கோலப்பொடி தூவுகிற மாதிரிப் பாத்தி மேல் தூவச் சொல்லுங்கள். தூவிய பிறகு உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், மண் போட்டு மூட வேண்டாம். வெண்டிக்கும் பயிற்றைக்கும் விரலின் முதல் கணு அளவு. கத்தரி, மிளகாய் விதைக்கு நகத்தளவு. வேறு அளவு எதுவும் சொல்லாதீர்கள்.

முதல் பயிராகத் தண்டுக்கீரை போடுங்கள், கங்குன் கீரையும் சரி. மூன்று நாலு கிழமையில் பிடுங்கிக் கறியாக்கலாம். கத்தரிக்கு மாதக் கணக்கில் காத்திருக்கச் சொன்னால், ஏற்கனவே "என்னால் ஏலாது" என்று நினைக்கிற ஆள் அதற்குள் போய்விடுவார்.

பழைய போதனாசிரியர் எழுதியது:

மகள், நான் ஓய்வு பெற்ற விவசாயப் போதனாசிரியர். கைநூல்களைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தவன்தான் நானும். மிளகாய்க்கு 60 க்கு 45 சென்ரிமீற்றர் என்று படித்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறேன். படுவான்கரையில் வயல் செய்கிற மனிசனுக்கு 45 சென்ரிமீற்றர் என்றால் என்ன? அவருக்குத் தெரிந்தது சாணும் முழமும். 45 என்பது ஏறக்குறைய ஒரு முழம், செடிக்குச் செடி ஒரு முழம் என்றால் சிறு பிள்ளையும் வைக்கும். வரிசைக்கு வரிசை 60, அதற்கு ஒரு கம்பை வெட்டிச் சிவப்புப் பெயின்ற் பூசிக் கொடுங்கள். கத்தரிக்கு இன்னும் நீளமான கம்பு, அதற்கு வேறு நிறம். கம்பு தோட்டத்துக் கொட்டிலில் நிற்கட்டும், யாரும் எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பசளை அளவும் அப்படித்தான். கிராம் வேண்டாம். ஒரு வெற்றுப் பால்மா ரின், அதில் ஆணியால் கீறிய ஒரு கோடு.

உங்கள் மண் எப்படியென்று எழுதவில்லை. வாவிக்கு அருகில் மணல் கலந்த தரையென்றால், பாத்திக்குக் கீழே முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, ஊறப்போட்ட தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மண்ணைப் போட்டு மூடுங்கள், தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மேலே கிளிசரிடியா இலையோ வைக்கோலோ பரப்பிவிடுங்கள். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்கு இருக்காது, அது உங்களுக்கே தெரியும். மட்டை அடுக்குகிற வேலை வகுப்புக்கும் நல்லது. எல்லோருக்கும் பழகிய பொருள், கூட்டமாகச் செய்யலாம், பிழை விட ஒன்றுமில்லை. அதை முதலாவது சனிக்கிழமையே செய்திருந்தால் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் கதைத்துப் பழகியிருப்பார்கள்.

கச்சான் காற்றுத் தம்பி சொன்னதில் ஒன்றை மட்டும் நான் முழுதாக ஏற்க மாட்டேன். கொப்பியை அடியோடு எடுத்துவிட வேண்டாம். எழுத்துப் பழக ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு வகுப்பில் விதைப் பைகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "சேர், இதில கத்தரி எண்டு எங்க எழுதியிருக்கு?" என்று மெதுவாகக் கேட்டா. அவ கேட்ட பிறகுதான் காட்டினேன். இரண்டு மாதத்தில் எல்லாப் பையையும் அவவே பார்த்து எடுத்தா. அவர்களாகக் கேட்கட்டும், கேட்கிற அன்றைக்குக் கொப்பி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம் 1920. நாலே நாலு இலக்கம், அதை எல்லோருடைய போனிலும் ஒரு இலையின் படத்தோடு பதிந்து கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவரும் படத்தைத் தொட்டுக் கேள்வி கேட்கலாம்.

வளவு நிறைய வெண்டி எழுதியது:

காது கேட்காத அந்த அண்ணனைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். நான் சம்மாந்துறை. என் வாப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே காது கேட்காது. எங்கள் வளவில் வெண்டியும் பயிற்றையும் பாகலும் அவர்தான் போடுகிறார், சந்தைக்கும் கொடுக்கிறார். ஆனால் அவர் போன எந்தப் பயிற்சி வகுப்பிலும் ஒன்றும் படித்ததில்லை. ஏன் என்று நான் கூடவே போய் இருந்து பார்த்தேன்.

படிப்பிக்க வந்தவர் குனிந்து செடியைக் காட்டிக்கொண்டே கதைக்கிறார். வாப்பா வாயைப் பார்த்துத்தான் விளங்குவார். இலையையும் பார்த்து வாயையும் பார்க்க இரண்டு கண்ணால் ஏலாது. முதலில் செய்து காட்டுங்கள், பேசாமல். அவர் பார்த்து முடித்து உங்கள் முகத்துக்குத் திரும்பும் வரை பொறுங்கள், பிறகு கதையுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுப்பாகத் தெரியும், வாய் தெரியாது, ஆகையால் காலை வகுப்பில் நீங்கள் கிழக்கைப் பார்த்து நில்லுங்கள். பின்னால் நின்று கல்லெறிந்து கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள், எங்கள் வாப்பாவுக்கு அது நடந்திருக்கிறது. அவர் கண்ணில் படுகிற இடத்துக்கு வந்து கையை அசையுங்கள், அல்லது தோளைத் தொடுங்கள்.

அந்த அண்ணனுக்கு வீட்டில் சைகை இருக்கும். அவருடைய உம்மாவிடமோ மனைவியிடமோ போய்க் கேட்டுப் பழகுங்கள். எங்கள் வீட்டில் மிளகாய் என்றால் நாக்கை நீட்டி விசிறுவோம், பாகல் என்றால் முகத்தைச் சுளிப்போம், வெண்டிக்கு இரண்டு விரலை ஒட்டிப் பிரித்து அந்த வழுவழுப்பைக் காட்டுவோம். முழுக் குழுவுக்கும் அந்தச் சைகைகளைப் பழக்கிவிடுங்கள். அவரையே பழக்கச் சொன்னால் இன்னும் நல்லம். அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் படிப்பிக்கிறவர் அவராக இருப்பார்.

கண் மங்கலான அம்மம்மாவுக்கும் ஒன்று சொல்லலாமா? என் மூத்தம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் தெரியவில்லை, ஆனாலும் களை பிடுங்குவா. பாத்தி ஓரமாகத் தும்புக் கயிற்றை இழுத்துக் கட்டி, அந்தக் கயிற்றை ஒட்டியே ஒரே நேராகக் கன்றுகளை நட்டோம். கயிற்றைத் தடவிக்கொண்டு போனால் கையில் படுகிறது கன்று, கயிற்றை விட்டுத் தள்ளி முளைத்தது களை. பாத்தி முடிகிற மூலையில் கற்பூரவள்ளி வைத்தோம், வாசம் வந்தால் திரும்ப வேண்டும் என்று அவவுக்குத் தெரியும்.

வாகரை மகன் எழுதியது:

இதை அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, உங்கள் கேள்வியையும் பதில்களையும் நான் வாசித்துக் காட்டினேன். இனி அம்மா சொன்னது:

"நானும் அப்படித்தான் பிள்ளை, ரெண்டு தரம் போயிட்டு நிண்டுட்டன். படம் காட்டுவாங்க, நாங்க பாத்துக்கொண்டு இருப்பம். நாங்க சின்னனில இருந்து காடு வெட்டிச் சேனை செய்த ஆக்கள், எங்களுக்கு ஒண்டுமே தெரியாத மாதிரித்தான் கதைப்பாங்க. பிறகு வேற ஒரு பிள்ளை வந்திச்சு. பயிற்றையில அழுக்கணவன் பூச்சி பிடிச்சுப் போச்சு, அந்தப் பிள்ளை பையைத் திறக்கல்ல, எங்களப் பாத்து 'நீங்க வீட்டில இதுக்கு என்ன செய்வீங்க?' எண்டு கேட்டிச்சு. ஒருத்தரும் கதைக்கல்ல. நான் சொன்னன், விடியப்புறம் பனி காய முதல் அடுப்புச் சாம்பலை இலைக்குக் கீழால படுற மாதிரி எறியோணும், பனி ஈரத்தில ஒட்டிக்கொள்ளும், வெயில் ஏறின பிறகு எறிஞ்சா விழுந்திடும் எண்டு. அடுத்த நாள் அஞ்சரைக்கு அந்தப் பிள்ளை எங்கட வீட்டு வாசல்ல நிக்குது, 'வாங்கம்மா, எறிஞ்சு காட்டுங்க' எண்டு. அதுக்குப் பிறகு நான் ஒரு நாளும் நிக்கல்ல. அந்தப் பிள்ளை சொன்னதெல்லாம் கேட்டன், கூட்டெரு போடப் பழகினன், நாற்று மேடை போடப் பழகினன்."

அம்மா இன்னொன்றையும் எழுதச் சொல்கிறார். வராதவர்களின் வீட்டுக்குப் போகும்போது ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாமாம். அவர்கள் வளவில் என்ன இருக்கிறதென்று பார்த்து, அதில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரச் சொல்கிறார்.

வாவிக்கரைப் பிள்ளை எழுதியது:

நாலு கிழமைக்குப் பிறகு வருகிறேன், பிந்தியதற்கு மன்னியுங்கள். எல்லாவற்றையும் இரண்டு மூன்று தரம் வாசித்தேன். இடாப்பைப் பற்றி வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. முதல் நாள் ஒரு அக்கா, "மிஸ், என்ட பேரையும் நீங்களே எழுதிடுங்களேன்" என்று கேட்டா. நான், "இல்லையக்கா, உங்கட கையால எழுதினாத்தான் செல்லும்" என்று சிரித்துக்கொண்டு பேனையை நீட்டினேன். இரண்டாம் கிழமையிலிருந்து அவ வரவில்லை.

அவவுடைய வீட்டுக்குத்தான் முதலில் போனேன். வாகரை அம்மா சொன்னபடி ஒன்றும் கேட்கவில்லை. வளவில் சிறகவரை பந்தல் போட்டுக் காய்த்துத் தொங்குகிறது, நான் படிக்கிற காலத்தில்கூட இப்படி நெருக்கமாகக் காய்த்ததைப் பார்த்ததில்லை. விதை கேட்டேன். உள்ளே போய்ச் சாம்பலில் புரட்டிப் போத்தலில் போட்டு வைத்திருந்ததைக் கொண்டுவந்து, என் கையில் கொட்டாமல் ஒவ்வொன்றாக எண்ணி, சுருங்கியதை ஒதுக்கி, நல்லதை மட்டும் தந்தா. "எப்படிப் போடுறதெண்டு வந்து காட்டுறீங்களா அக்கா?" என்றேன். சனிக்கிழமை ஏழு மணிக்கே வந்து நின்றா, நான் போக முதல்.

இப்போது 11 பேர் வருகிறார்கள். இடாப்பு என் பைக்குள்தான் இருக்கிறது, அலுவலகத்தில் முதலில் சம்மதிக்கவில்லை, இரண்டு நாள் கதைத்துச் சம்மதிக்க வைத்தேன். மட்டை அடுக்கினோம், ஐந்து பாத்தி. கம்புகள் கொட்டிலில் நிற்கின்றன. கீரையை மணலில் கலந்து தூவி, முதல் பாத்தியைப் போன சனிக்கிழமை பிடுங்கிக் கட்டுக் கட்டாகப் பிரித்துக் கொண்டுபோனார்கள். அண்ணனிடமிருந்து ஒன்பது சைகை பழகியிருக்கிறோம், பூசணிக்கு அவர் வயிற்றைத் தடவிக் காட்டுகிறார், எல்லோருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. மற்ற மூன்று பேரின் வீட்டுக்கும் போகிறேன், ஒருவர் இன்னும் வாசலில் நின்றே கதைத்து அனுப்புகிறார், பரவாயில்லை, திரும்பவும் போவேன்.

அம்மம்மாவுக்குக் கயிறு கட்டினோம். களை பிடுங்குவது வந்துவிட்டது, தண்ணீர் ஊற்றுவதில்தான் கஷ்டம். மண் நனைந்ததா இல்லையா என்று தெரியாமல் ஒரே இடத்தில் நிறைய ஊற்றிவிடுகிறார், பூவாளியும் அவருக்குப் பாரம். இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

வளவு நிறைய வெண்டி எழுதியது:

மாஷா அல்லாஹ், வாசிக்கவே சந்தோஷமாக இருக்கிறது.

பூவாளி வேண்டாம். ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் மூடியில் ஆணியைச் சுட்டு ஏழெட்டு ஓட்டை போடுங்கள், அது பாரமில்லை. கயிற்றில் இரண்டு முழத்துக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சு வரை ஒரு போத்தல், அது முடிந்ததும் அடுத்தது. நனைந்ததா என்று பார்க்க விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விடச் சொல்லுங்கள், குளிர்ந்து விரலில் மண் ஒட்டினால் போதும். போத்தல்களை முதல் நாள் பின்னேரமே நிரப்பிப் பாத்தி தொடங்குகிற இடத்தில், எப்போதும் அதே இடத்தில் வையுங்கள், இடம் மாறினால் அவவுக்குத் தேட வேண்டி வரும்.

அந்தச் சிறகவரை விதையில் நாலைந்து எனக்கும் கிடைக்குமா என்று அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள். கல்முனை வரை யாராவது வந்தால் நான் வந்து வாங்கிக்கொள்கிறேன், பதிலுக்கு வாப்பாவின் வெண்டி விதை தருகிறேன்.